காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாத ஊர்

ஜப்பானில் மூன்று வருடம் இருந்தவன் என்று தெரிந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது கக்கூஸைப் பற்றித்தான். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சாணார்பட்டி பஸ்ஸுக்காக நின்றபோது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தோளில் கை போட்டுக் கேட்டார்: "ஏப்பு, அங்க உக்காந்தா சூடா இருக்குமாம்ல? தண்ணி தானா பீச்சி அடிக்குமாம்ல?" ஆமாம் என்றேன். "கொடுத்து வச்சவன்டா நீ" என்றார். அவருக்கு அவ்வளவு போதும். எனக்கும் அதற்கு மேல் பேச இஷ்டமில்லை.

சூடாகத்தான் இருக்கும். ரயில் கொஞ்சம் தாமதமானால்கூட ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். தெருமுனையில் நிற்கும் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் காபி டப்பா சுடச்சுட வந்து விழும். கடைக்குள் போனால் சோறு, சாக்ஸ், குடை, பேனா எல்லாம் இருக்கும். கரண்ட் பில்லையும் அங்கேயே கட்டிவிடலாம். மூன்று வருடத்தில் யாரிடமும் போய் ஒரு உதவி என்று நிற்க வேண்டி வரவில்லை. ஒருவரை ஒருவர் கேட்காமலே வாழ்ந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு வசதியும் செய்து வைத்திருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை.

இப்போது திண்டுக்கல்லில் ஒரு கட்டடத்தின் மாடியில், ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் இடத்தில், வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பு எடுக்கிறேன். செருப்பை எங்கே கழற்ற வேண்டும், கழற்றியதை எந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும், குளியல் தொட்டியில் இறங்கும் முன் எப்படி உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், ரயிலில் போன் பேசக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். எல்லோரும் மாங்கு மாங்கென்று எழுதிக்கொள்வார்கள். குப்பைக்கு மட்டும் தனியாக ஒரு நாள். காக்கையைப் பற்றி இதுவரை சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் டிப்ளமோ முடித்து நூல் மில்லில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாவும் அம்மாவும் சாணார்பட்டிக்குப் பக்கத்தில் தக்காளி போட்டிருந்தார்கள். ஜப்பானில் எனக்குக் கிடைத்தது கடைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை. கண் மட்டும் தெரிகிற மாதிரி வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, ஓடிவரும் பெட்டியில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மீன் வைப்பது என் வேலை. எட்டு மணி நேரமும் மீன்தான்.

தங்க இடம் கொடுத்த கட்டடத்தில் எட்டு வீடுகள். மாடியில் ஒரு அறை எனக்கு. நேர் கீழே வயதான ஒரு அம்மா தனியாக இருந்தார். கட்டடத்தின் முன்னால் தெருவோரம் குப்பை வைக்கும் இடம். எரியும் குப்பை செவ்வாயும் வெள்ளியும். பாட்டில் என்றால் மூடி வேறு, மேலே ஒட்டியிருக்கும் தாள் வேறு, பாட்டில் வேறு. காலை எட்டு மணிக்குள் பையை வைத்து, மேலே பச்சை வலையை இழுத்து மூடிவிட வேண்டும். வலை எதற்கு என்று, புறப்படும் முன் நான் படித்த திண்டுக்கல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: காக்கை வந்து பையைக் கிழித்துவிடும். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். முதல் மாதத்திலேயே குப்பை பிரிப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

எட்டாவது மாதம் அப்பா செத்துப்போனார். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே விழுந்துவிட்டார். தூக்கி உட்கார வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

நான் போகவில்லை. இதை எத்தனையோ விதமாகச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்பது நாளில் ஒரு தேர்வு இருந்தது, அதில் தேறினால்தான் தொடர்ந்து இருக்க முடியும். போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். அம்மாவும் போனில், "ஃப்ரீசர் பொட்டி ஒரு நாளைக்கித்தான் தாங்கும்ங்கிறாக, நீ வந்து யாரப் பாக்கப் போற சாமி" என்றாள். எல்லாம் நிஜம்தான். ஆனால் யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் விடுப்பு தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். வேண்டாம் என்றது நான். ஊர்க்காரர்கள் நீர்மாலை எடுத்து வந்து அப்பாவைக் குளிப்பாட்டியதையும், சித்தப்பா மகன் எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்ததையும் யாரோ பிடித்துக் காட்டிய போனில் பார்த்தேன். நடுவே இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப வந்தபோது புகைதான் தெரிந்தது. தேர்வில் தேறினேன்.

அடுத்த அமாவாசைக்கு நாலு நாள் முன்பே அம்மா போன் செய்தாள். "கொள்ளிதான் வைக்க முடியல. காக்காய்க்காச்சும் நீ வையி. குளிச்சிட்டு, அவுகளுக்கு வச்சிட்டு, அதுக்கப்பறம் நீ சாப்புடு. உன் கையால வச்சாத்தான் அவுகளுக்குச் சேரும்." அப்பா எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போன ஒரே வேலை அதுதான் என்று எனக்கும் பட்டது. இதையாவது தவறவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வாழைக்காய்க்கு அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. பூசணிக்காய் கிடைத்தது. அங்கே கையகலத்துக்குப் பச்சைத்தோலோடு இருக்கும், தித்திப்பாக இருக்கும். சோறு வடித்து, பூசணிக்காயைப் பொரித்து, தயிர் ஊற்றி, ஒரு காகிதத் தட்டில் எடுத்துப் பால்கனிச் சுவர்மேல் வைத்தேன். வீடியோவில் அம்மா. "வெஞ்சனம் ஒன்னுதானா? சரி சரி, கூப்புடு" என்றாள். கா கா என்று கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. நான் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்த அம்மா தானே அங்கிருந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். போனுக்குள்ளிருந்து அவள் குரல் அந்தத் தெரு முழுவதும் கேட்டது.

வந்தது. நம் ஊரில் கழுத்துச் சாம்பலாக வருமே, அது இல்லை. கோழி அளவுக்கு ஒரு அண்டங்காக்கை, தடித்த அலகு. சுவர்மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, பிறகு தட்டைப் பார்த்தது. பூசணிக்காயை முதலில் எடுத்தது. அப்பாவுக்குப் பூசணிக்காய் பிடிக்கும்.

"ஆத்தாடி, இம்புட்டுப் பெருசாவா இருக்கு!" என்றாள் அம்மா. "இங்க இருந்த மட்டும் எலும்பும் தோலுமாக் கெடந்தாரு. அங்க போயித் தேறிட்டாரு பாரு உங்கப்பா." சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஊரில் ஒரு ஆள் வந்து பேசிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அதே காக்கை அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவனாக இருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பான். நேற்று அப்பா என்று சோறு வைத்ததை இன்று சூ என்று எப்படி விரட்டுவது? ஒரு கைப்பிடி சோறு வைத்தேன். அதற்கு மறுநாளும் வைத்தேன். அமாவாசைக்கு ஒருநாள் என்றிருந்தது தினப்படி ஆகிவிட்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறானது. கூட வந்தவை அப்பாவின் பங்காளிகள் என்று எனக்கு நானே கேலியாகச் சொல்லிக்கொள்வேன். வலையைப் பற்றி அடிக்கோடு போட்டு எழுதியவன் நான்தான். ஆனால் நோட்டில் இருந்த காக்கையும் என் சுவரில் வந்து உட்கார்ந்ததும் ஒன்று என்று ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை. ஒன்று குப்பை கிளறுவது. இன்னொன்று என் அப்பா.

கீழ்வீட்டு அம்மாவைச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் குப்பை இடத்தில் பார்ப்பேன். கையில் துடைப்பமும் முறமும் வைத்துக்கொண்டு குனிந்து வாரிக்கொண்டிருப்பார். மீன் முள், முட்டை ஓடு, கிழிந்த பை. நான் காலை வணக்கம் சொல்வேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக் குனிந்து அவரும் வணக்கம் சொல்வார். சுத்தமான மனுஷி என்று நினைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவேன்.

ஒருநாள் தபால் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. காக்கைப் படமும் அதன்மேல் சிவப்புக் கோடும். எல்லா வீட்டுக்கும் போட்டிருந்தார்கள், அதனால் எனக்கில்லை என்று மடித்துக் காகிதக் குப்பையில் சேர்த்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தாள். இதில் எழுத்து அதிகம். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன்: உணவு வைப்பதைத் தவிர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். யார், எந்த வீடு என்று ஒன்றும் இல்லை. அதை எட்டு வீட்டுக்கும் போட்டிருந்தார்கள், ஏழு வீட்டுக்கு அது யாரைப் பற்றியது என்று தெரியும்.

மூன்றாவது தடவை தாள் வரவில்லை. தொழிற்சாலையில் வெளிநாட்டு ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் வந்தார். ஐம்பது வயசுக்காரர், நல்ல மனிதர். கோபமே இல்லை. காரின் பின்சீட்டில் ஒரே மாதிரித் தாள் சுற்றிய ஏழு இனிப்புப் பெட்டிகள் இருந்தன. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அது அங்கே வழக்கம். அவர் குனிந்த அளவுக்குப் பக்கத்தில் நின்று நானும் குனிந்தேன். ஆறு வீட்டிலும் பெட்டியை வாங்கிக்கொண்டு, பரவாயில்லை என்று கதவைச் சாத்தினார்கள்.

ஏழாவது கீழ்வீடு. அந்த அம்மா பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, எங்கள் இருவரையும்விடக் கீழே குனிந்து, வீண் சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிறார்! வெளியே வந்த பிறகு பொறுப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்று மாதமாகக் காக்கைகள் வலையை இழுத்துக் கிழித்துப் போட்டதை எல்லாம் வாரியது அந்த அம்மாதான். தாள் போடச் சொன்னவர் அவர் இல்லை. யாரிடமும் அவர் புகாரே சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். எங்கள் ஊராக இருந்தால் இரண்டாம் நாளே கீழேயிருந்து, "ஏலே, மேல என்னத்தடா கொட்டித் தொலையிற?" என்று சத்தம் வந்திருக்கும். "எங்கப்பாவுக்கு வைக்கிறேன்" என்று நான் கத்தியிருப்பேன். "அதுக்கு எந்தலையிலயா கொண்டாந்து வைப்ப?" என்று அவர் கத்தியிருப்பார். அதோடு அவருக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். எங்கள் ஊர் ஒன்றும் உசத்தி இல்லை. அப்படிக் கத்துகிறவர்கள்தான் எங்கள் கிணற்றில் சாராயப் பாட்டிலையும் போடுகிறார்கள். ஆனாலும் திட்டு வாங்கினால் பதில் சொல்ல ஒரு வழி கிடைக்கும். குனிந்து நிற்கிறவரிடம் என்ன சொல்வது?

காரில் பொறுப்பாளரிடம் சொல்லிப் பார்த்தேன். திண்டுக்கல்லில் நான் கற்றுக்கொண்டு போன மொழியில் மன்னிப்புக் கேட்க ஐந்து விதம் இருந்தது. செத்துப்போன அப்பா பசியோடு வந்து சுவரில் உட்காருவார் என்று சொல்ல ஒரு விதமும் இல்லை. அப்பா, இறப்பு, காக்கை, சோறு என்று தனித்தனியாக எடுத்து வைத்தேன். அவர் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி, இரண்டு காபி டப்பா வாங்கி வந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். பிறகு, அவர் வீட்டிலும் அவருடைய அப்பா படத்துக்கு முன்னால் தினமும் சோறு வைப்பார்களாம், நீயும் அறைக்குள் படத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாமே என்றார். நியாயமான பேச்சு. பரிவோடுதான் சொன்னார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அடுத்த அமாவாசைக்கு அப்படியே செய்து பார்த்தேன். போனில் இருந்த அப்பா படத்தைக் கடையில் காகிதத்தில் எடுத்து, அலமாரிமேல் சாய்த்து, முன்னால் தட்டு வைத்தேன். நான் வேலைக்குப் போய்விட்டு வந்தபோது சோறு வைத்தபடியே இருந்தது. மேலே காய்ந்து பருக்கை பருக்கையாக விறைத்திருந்தது. யாரும் வரவில்லை, யாரும் தொடவில்லை. அதை நான் சாப்பிடலாமா கூடாதா என்று கேட்க ஆள் இல்லை. கடைசியில் பையில் கட்டி வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. எரியும் குப்பையில், மேலே வலையை ஒழுங்காக இழுத்து மூடி, அப்பாவுக்கு வைத்த சோற்றை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு படத்துக்கும் வைக்கவில்லை.

காக்கைகள் பத்து நாள் போல வந்து சுவரில் உட்கார்ந்து பார்த்தன. நான் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருந்தேன். அலகால் சுவரைத் தட்டும் சத்தம் கேட்கும். பிறகு அவையும் வருவதை விட்டுவிட்டன.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் அவள் போன் செய்வாள். "வச்சியாப்பு?" வச்சேம்மா. "வந்துச்சா?" வந்துச்சும்மா. "நல்லாச் சாப்புட்டுச்சா?" சாப்புட்டுச்சும்மா. வீடியோவில் காட்டு என்று ஒன்றிரண்டு தடவை கேட்டாள். காலையிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன், ஊரில் அப்போது விடிந்திருக்காது என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நாள்போக்கில் பொய்க்கு மெருகேற்றவும் பழகிவிட்டேன். இன்றைக்கு இரண்டு வந்தது, பூசணிக்காயைத்தான் முதலில் எடுத்தது, தண்ணீர்கூடக் குடித்தது என்பேன். அம்மாவின் குரல் அப்படியே குளிர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிச் சொன்னேன். அவள் மனசு நோகக்கூடாது என்றுதானே என்று என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். சொல்லப்போனால் அப்பாவைக் குப்பையில் போட்டவன் என்று அவள் என்னை நினைத்துவிடக்கூடாது என்பதுதான் காரணம்.

மூன்று வருடம் முடிந்து வந்துவிட்டேன். வந்த இரண்டாம் வாரம் அமாவாசை. அம்மா விடியலிலேயே எழுந்து வாழைக்காய், பூசணிக்காய், அவரைக்காய், வடை, பாயசம் என்று எல்லாம் செய்தாள். நான் தலைக்குக் குளித்துவிட்டு இலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். இந்தத் தடவை எனக்கு வெட்கம் இல்லை. தொண்டை கட்டுகிற மட்டும் கூப்பிட்டேன். அரைமணி நேரம் ஆனது. தூரத்தில் கரண்ட் கம்பியில் இரண்டு உட்கார்ந்திருந்தன, அவையும் பறந்துவிட்டன. வெயில் ஏறிச் சோறு உலர ஆரம்பித்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"ஒன்னையும் காணோம்மா" என்றேன்.

"இங்க எங்க வாரதாம்? நீ அன்னைக்கிப் போன்ல காட்டுனேல்ல, அதுல இருந்து ஒரு அமாவாசைக்கும் இங்க வந்ததில்ல" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். "மொதல்ல எனக்குப் பக்குன்னு இருந்துச்சு, என்ன கொற வச்சோமோன்னு. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு மாட்டுக்குப் போட்டுருவேன். அப்பறம் நீ போன்ல சொல்லுவ, வந்துச்சும்மா, சாப்புட்டுச்சும்மான்னு. சரித்தான், மகன் கையில சாப்புட அங்க போயிட்டாக, இங்க எதுக்கு வருவாகன்னு மனசத் தேத்திக்கிட்டேன். எங்கயோ ஒரு எடத்துல வயிறு நெறஞ்சாச் சரி."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அப்பா எங்கேயும் சாப்பிடவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

அம்மா இலையின் ஓரத்தை நேராக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்தாள்.

"நீ வா, சாப்புடு. நீ வந்து பத்து நாள்தான ஆச்சு. அம்புட்டுத் தூரத்துல இருந்து அவுக பறந்து வரணும்ல" என்றாள்.

கீழே போய் உட்கார்ந்தேன். அம்மா பரிமாறினாள். சாப்பிட்டேன்.